என் கையில் துப்பாக்கியா?

செம்மண்டலத்தில் கொசு மட்டையைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தியறியாத பி.காம். பட்டதாரி நான். ஒரே விதிவிலக்கு, கல்லூரி என்.சி.சி. முகாம். பாயின்ட் 22 ரைபிளில் ஐந்து தோட்டா சுட்டேன். ஒன்று அட்டையில் பட்டது. பக்கத்துப் பையனின் அட்டையில்!

அந்த ஆசை முப்பத்தைந்து வயதில் மறுபடி தலைதூக்கியது. லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுட்டால் என்ன?

விசாரித்தேன். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நம்ம மாவட்டத்தில் கலெக்டரிடம் மனு; சென்னையில் என்றால் போலீஸ் கமிஷனரிடம். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் போகும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சிச் சான்று வேண்டும். உடம்போடு மனசும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சான்றும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினர் என்றால், பாயின்ட் 22-க்குச் சட்டம் கொஞ்சம் இளகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும்.

படிவத்தோடு மஞ்சக்குப்பம் கிளம்பினேன். மனைவி வாசலில் நின்றாள்.

"ஏங்க, போலீஸ் வந்து 'உங்க வீட்டுக்காரர் எப்படி?'ன்னு கேட்டா, நான் என்ன சொல்றது?"

"தங்கமான மனுஷன்னு சொல்லு!"

அவள் சிரிக்கவில்லை. "போன மாசம் மேட்ச் நடுவுல சேனலை மாத்தினான்னு பையன் மேல ரிமோட்டை எறிஞ்சீங்க. காதுக்குப் பக்கத்துல போச்சு. கையில இருந்தது ரிமோட்டு... சுவத்துல காரை பேந்ததோட போச்சு. இப்பவும் நீங்க ரிமோட்டை எடுத்தா அவன் தள்ளி உக்கார்றான், கவனிச்சீங்களா?"

கவனித்ததில்லை, சார்.

அசடு வழிந்தபடி குறுக்குவழி தேடினேன். 4.5 மில்லிமீட்டர் விட்டம், 20 ஜூல் சக்தி, இவற்றுக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்சே வேண்டாமாம்! நம்ம கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். அதில் பத்துப் புள்ளி வளையத்தின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். மூச்சைக்கூட அடக்கிச் சுட வேண்டும். ரிமோட்டையே அடக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?

படிவம் பீரோவில் இருக்கிறது. நான் ரிமோட்டை எடுக்கும்போது பையன் தள்ளி உட்காராமல் இருக்கும் நாளில் கையெழுத்துப் போடலாம்.

அதுவரை கொசு மட்டைதான்!