சிறு வண்டியும் பெரிய உடலும்

என் எடை 108 கிலோ. பூப்பாறையிலிருந்து மலையிறங்கி, போடிநாயக்கனூரில் தனித்திருக்கும் அன்னையை வாரந்தோறும் காணச் செல்பவன் நான். உயர்ந்த மோட்டார் சைக்கிளின்மேல் காலைத் தூக்கிப் போட முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஆதலால் ஒரு மொபெட்டை வாங்கினேன்.

"யானை ஆட்டின்மேல் ஏறலாமா, மாப்பிள்ளை?" என்று மைத்துனர் நகைத்தார்.

நகைப்பதற்கில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் அமர்வதற்கென்றே செய்யப்பட்ட மொபெட். மூட்டை சுமந்து பழகிய அந்த இனத்தில், 100 சி.சி. அளவுள்ள ஒன்றையே நான் தேர்ந்தேன்.

பட்டறைக்காரர் பெரிய இயந்திரம் பொருத்தித் தருவதாகச் சொன்னார். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எனவே மறுத்துவிட்டேன். இருக்கைக்குத் தடித்த பஞ்சு வைத்தேன். முழங்கால் நீட்ட இடம் கிடைத்தது. டயர்களில் சுமைக்கேற்ற காற்று நிரப்பினேன். அவ்வளவே.

ஏற்றத்தைப் பற்றியே எண்ணியவன் இறக்கத்தை மறந்தேன். போடிமெட்டுக்குக் கீழே, விடாமல் பிரேக்கை அழுத்தியே வந்தேன். கருகல் வாடை எழுந்தது, பிடிப்புத் தளர்ந்தது. கீழ்க் கியரில் இறக்க மொபெட்டில் கியர் ஏது? தெய்வாதீனமாக ஓரிடத்தில் சாலை சமமாயிற்று, நின்றேன். பிழை வண்டியினுடையதன்று, என்னுடையது. ஏற்றத்தில் வண்டி திணறினால் நேரம் போகும். இறக்கத்தில் பிரேக் சோர்ந்தால் உயிர் போகும்.

இப்பொழுது தொடக்கத்திலிருந்தே மெல்ல இறங்குகிறேன். இடையிடையே நின்று பிரேக்கை ஆறவிடுகிறேன்.

"ஏய்யா, இம்புட்டு நேரம்?" என்கிறாள் அம்மா.

வண்டி இளைப்பாறிற்று என்கிறேன். பாதி உண்மை.