காலடிக் கணக்கு

சுபுஹுத் தொழுகைக்குப் பின் நம் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் நடைப்பயிற்சி செய்வோர் சிலரின் மணிக்கட்டில், காலடிகளை எண்ணும் பட்டையைக் காண்கிறோம். அதன் திரை திடீரென இருண்டுவிட்டால், கருவி கெட்டுவிட்டது என உடனே முடிவுசெய்ய வேண்டியதில்லை. வியர்வையின் உப்பும் சோப்பும் பின்புற உலோக முனைகளில் படிந்தால் சார்ஜ் ஏறாது. உலர்ந்த மென்துணியால் துடைத்து, அரைமணி நேரமேனும் சார்ஜில் வைக்க வேண்டும்; முற்றிலும் வடிந்த பேட்டரி உடனே விழிக்காது. பொத்தான் உள்ள கருவியாயின், அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். கைபேசியில் எண்ணிக்கை தொடர்ந்து வருமாயின், குறை திரையிலோ அதன் அமைப்பிலோதான்.

உளூவின்போது பட்டையைக் கழற்றுவதில் இரு நன்மைகள்: தோலெங்கும் நீர் சேரும், கருவியும் காக்கப்படும்.

ஆயினும், எண் தெரியவில்லை என்பதற்காக நடையையே நிறுத்துவது, சர்க்கரை நோயாளிகளுக்குப் பேரிழப்பு. பனூ ஸலிமா கோத்திரத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, அவர்களின் காலடிகள் பதிவு செய்யப்படுவதைக் கூறி, இருந்த இடத்திலேயே தங்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அந்தப் பதிவேட்டிற்குத் திரை தேவையில்லை. உடல் இறைவன் தந்த அமானிதம்; கருவி சீராகும்வரை கடிகாரம் பார்த்து நடப்போம், இன்ஷா அல்லாஹ்.