மிதியும் சக்கரமும்: ஆம்பூர் தையல் கூடங்களில் ஒரு கட்டுப்பாட்டு முறை

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பதனிடும் ஆலைகளையும், நிலத்தடி நீரில் இறங்கிய கழிவையும், 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சுற்றியே அமைந்துள்ளது. பதனிட்ட தோல் காலணியாக உருமாறும் தையல் கூடமும், அங்கே இயந்திரத்துக்கும் தொழிலாளியின் உடலுக்கும் இடையே நடக்கும் நுட்பமான பரிமாற்றமும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. சீதாராமையா குழுவின் 1972-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளைத் தொடர்ந்து கச்சாத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைப்பதத் தோல் ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பின்னரே இவ்வட்டாரம் தோலை விற்பதிலிருந்து காலணியும் அதன் மேற்பகுதியான 'அப்பரும்' தைத்து விற்பதற்கு நகர்ந்தது என்பதால், தையல் கூடத்தை இங்குள்ள தொழிலின் பின்னிணைப்பாக அன்றி மையமாகவே கருத வேண்டும்.

அக்கூடங்களில் முதலில் கண்ணில் படுவது 'போஸ்ட் பெட்' எனப்படும் தூண் வடிவத் தையல் இயந்திரம். துணி தைக்கும் இயந்திரத்தின் அடிப்பாகம் தட்டையாக இருக்க, இதில் அடிநூலும் கொக்கியும் மேசையிலிருந்து எழும் ஒரு சிறு தூணின் உச்சியில் அமைந்திருக்கும். வளைந்து குவிந்த அப்பரை அத்தூணைச் சுற்றி எப்பக்கமும் திருப்பித் தைக்கலாம் என்பதே இந்த அமைப்பின் பயன். தோலை மேலிருந்து அழுத்துவது தட்டையான பாதமன்று, உருளும் ஒரு சிறு சக்கரம். ஊசியின் முனையும் கூராகக் குத்துவதற்குப் பதில் வெட்டித் துளைக்கும்படி தீட்டப்பட்டிருக்கும். ஜெர்மனியின் பாஃப், ஜப்பானின் ஜூகி முதலிய நிறுவனங்கள் இவ்வகை இயந்திரங்களைச் செய்கின்றன.

இயந்திரத்தை ஆள்வதற்குத் தொழிலாளியிடம் முதன்மையாக இரு கருவிகள் உள்ளன: காலடியில் மிதி, வலக்கைப் பக்கம் சக்கரம். மிதியைப் 'பெடல்' என்றும் சக்கரத்தை 'வீல்' என்றும் சொல்வதே வழக்கம். சர்வோ மோட்டார் பொருத்திய இயந்திரங்களில் மிதி இரு திசையிலும் பேசும்: விரல்நுனியால் முன்னே அழுத்தினால் அழுத்தத்தின் அளவுக்கேற்ப வேகம் கூடும், காலைத் தளர்த்தினால் இயந்திரம் நின்று, ஊசி முன்னரே குறித்த நிலையில், பெரும்பாலும் தோலுக்குள்ளேயே, அமரும். குதிகாலால் இலேசாகப் பின்னே சாய்த்தால் அழுத்துசக்கரம் உயரும். முழுதும் சாய்த்தால், அறுக்கும் வசதி உள்ள இயந்திரத்தில், நூல் அறுந்து ஊசி மேலேறும். சக்கரமோ ஊசியை ஒரு தையலின் ஒரு பகுதி அளவுக்குக்கூடக் கையால் நகர்த்துவதற்கு உரியது.

இவ்விரண்டையும் ஒரே குமிழில் இணைத்த ஒரு கருவி முற்றிலும் வேறொரு துறையில், விளையாட்டுக்கூட இயந்திரங்களில், இருந்தது. அமெரிக்காவின் பாலி மிட்வே நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'டிஸ்க்ஸ் ஆஃப் ட்ரான்' வீடியோ ஆட்டத்தில் குமிழைச் சுழற்றினால் குறி பக்கவாட்டில் நகரும். அதே குமிழை இழுத்தாலோ அழுத்தினாலோ குறி உயரும், தாழும். இவ்வகைச் சுழல்குமிழின் அச்சில் பிளவுகள் வெட்டிய ஒரு தட்டு இருக்கும். தட்டு சுழலும்போது பிளவுகளின் வழியே விட்டுவிட்டு வரும் ஒளியை இரண்டு உணரிகள் பெறும். அவை ஒரு பிளவுச் சுற்றின் கால் பங்கு தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், எந்த உணரி முதலில் ஒளியைக் காண்கிறது என்பதிலிருந்து சுழலும் திசையும், எத்தனை முறை காண்கிறது என்பதிலிருந்து சுழற்சியின் அளவும் தெரியவரும். அச்சு மேலும் கீழும் நகர வேண்டியிருக்கும்போது பிளவுத்தட்டு உணரிகளின் பார்வையிலிருந்து விலகிவிடாதபடி அமைக்க வேண்டும் என்பதே இழு-தள்ளு குமிழை வடிவமைப்பவருக்கு எழும் கூடுதல் சிக்கல்.

தையல் இயந்திரம் அச்சிக்கலுக்குள் செல்லவே இல்லை; சுழற்சியைக் கைக்கும் இழு-தள்ளைக் காலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. அப்பரின் விளிம்பை ஊசிக்கு நேரே பிடித்து நடத்த இரு கைகளும் வேண்டும் என்பதே அதற்குக் காரணம். சர்வோ மோட்டாரின் அச்சிலும் அதே திசை காட்டும் எண்ணி வேலை செய்கிறது. ஆனால், ஆட்டக் குமிழுக்கு எவ்வளவு திரும்பியது என்பது தெரிந்தால் போதும், தையல் இயந்திரத்துக்கு ஊசி இப்போது எங்கே நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதனால் சுற்றுக்கு ஒருமுறை வரும் ஓர் அடையாளக் குறியும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்றால், விடை தோலிலேயே இருக்கிறது. துணியில் தப்பாக விழுந்த தையலைப் பிரித்தால் இழைகள் மீண்டும் கூடித் துளை ஏறக்குறைய மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை மூடாது. முன்பக்கத்தில் ஒரே ஒரு தையல் விளிம்பை விட்டு விலகினாலும் அந்தத் துண்டையே மாற்ற நேரலாம். எனவே நேர்க்கோட்டில் காலின் வேகத்தில் ஓடிவரும் தொழிலாளி, மூலையை நெருங்கியதும் காலைத் தளர்த்தி, கடைசி ஓரிரு தையல்களைச் சக்கரத்தைக் கையால் தன் பக்கமாகச் சுழற்றி இடுகிறார். எதிர்த்திசையில் சுழற்றினால் நூல் சிக்கக்கூடும். ஊசி அடிமட்டத்தைத் தொட்டவுடனே திருப்புவதும் தவறு. ஊசி சற்றே மேலெழத் தொடங்கி, கொக்கி நூல் வளையத்தைப் பற்றிய பிறகே அழுத்துசக்கரத்தை உயர்த்தி அப்பரைத் திருப்ப வேண்டும், இல்லையெனில் அந்த இடத்தில் தையல் விட்டுப்போகும். இந்தக் கணத்தைக் கண்ணால் பார்க்க இயலாது, கொக்கி தூணுக்குள் மறைந்திருக்கிறது; சக்கரத்தில் கைக்குத் தென்படும் எதிர்ப்பைக் கொண்டே அறிய வேண்டும்.

சர்வோ மோட்டாருக்கு முந்தைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் இடைவிடாது ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு துருவ மோட்டாரானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்று. மிதியை அழுத்தும்போது உராய்வுத் தட்டு அச்சுழற்சியைப் பற்றிக்கொள்ளும், விடும்போது தடை பிடிக்கும். பாதி பற்றிய நிலையில் தட்டை வழுக்கவிட்டு மெதுவாகத் தைப்பது முழுக்க முழுக்கக் காலின் திறமையாக இருந்தது. சர்வோ வந்தபின் மின்சாரச் செலவும் இரைச்சலும் குறைந்தன, புதியவர் கற்கும் காலமும் சுருங்கியது. ஆனால் ஊசியை எங்கே நிறுத்துவது என்பதை மின்னணு ஏற்றுக்கொண்டாலும் எப்போது நிறுத்துவது என்பதை அது ஏற்கவில்லை. மூலை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இக்கூடங்களில் பணிபுரிவோரில் பெரும்பான்மையர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆலைப் பேருந்துகளில் வருபவர்கள் பலர். பசை தடவுதல், ஓரம் மடித்தல், நூல் நுனி சுடுதல் போன்ற மேசை வேலைகளில் தொடங்கி இயந்திரத்துக்கு மாறுகிறவர்கள், சக்கரத்தின் எதிர்ப்பை உணரும் இவ்வித்தையைப் பக்கத்தில் தைக்கும் அக்காவிடமிருந்தே பெறுகிறார்கள். கையால் தைக்க வேண்டிய மொக்கசின் வகை அப்பர்கள் ஆலையை விட்டு வீடுகளுக்கும் செல்கின்றன. அங்கே மிதியும் இல்லை, சக்கரமும் இல்லை, ஜோடிக் கணக்கில் கூலி மட்டுமே உண்டு, வைப்பு நிதியோ ஈ.எஸ்.ஐ. மருத்துவமோ அவ்வேலைக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

ஆலைக்குள் உழைப்பு மணிக்கு இத்தனை ஜோடி என்ற இலக்கால் அளக்கப்படுகிறது. மிதி முன்னே செல்லும் நேரம் அந்த எண்ணிக்கையில் நேரடியாகத் தெரியும். சக்கரத்தில் கை நிற்கும் நேரம் தாமதமாகவே தோற்றமளிக்கும். வடிவமைப்பாளர் அப்பரில் ஒரு மூலையைக் கூட்டும்போது, இலக்கை வகுப்பவர் அதற்கேற்ப ஜோடிகளின் எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும்.