இன்னொண்ணு எங்கடா?

கெமிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் வருஷம். நான் வரைந்த ஃப்ளோ டயகிராமில் பம்ப்புக்குப் பக்கத்தில் 'பி-101' என்று மட்டும் எழுதியிருந்தேன். சார் சிவப்பு மையில் சுழித்து, "இன்னொண்ணு எங்கடா?" என்றார். அரை மார்க் போச்சு.

'பி-101 ஏ/பி' என்று எழுதியிருக்கணும். முதல் பி, பம்ப். ரியாக்டர் என்றால் ஆர். அடுத்து வரும் 1, ஆலையின் பகுதி. 01, அங்கே அதன் வரிசை எண். கடைசி ஏ/பி, ஒரே வேலைக்கு இரண்டு பம்ப் என்பதற்கு. ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். படத்தில் வரைவது ஒன்றைத்தான். இன்னொன்று இருப்பதே அந்த எழுத்தால்தான் தெரியும்.

பிறகு சாஃப்ட்வேருக்கு வந்துவிட்டேன். ஒரு ராத்திரி எங்கள் டேட்டாபேஸ் விழுந்தது. படத்தில் 'பி' இருந்ததால் தைரியமாக அதற்கு மாற்றினேன். அதில் மூன்று வாரப் பழைய தகவல்தான் இருந்தது. நகலெடுப்பது எப்போதோ நின்றிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

அந்த வாரம்தான் பைப்பர் ஆல்ஃபா பற்றிப் படித்தேன். வட கடல் எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6. பம்ப் ஏ-யின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். இரவில் பம்ப் பி நின்றது. வால்வு இல்லாதது தெரியாமல் ஏ-யை ஓடவிட முயன்றார்கள். அந்த வால்வுக்கான அனுமதிச் சீட்டு வேறு, பம்ப்புக்கான சீட்டு வேறு. 167 பேர் இறந்தார்கள்.

எழுத்து, இன்னொன்று உண்டு என்று மட்டும்தான் சொல்லும். அது ஓடுமா என்று சொல்லாது. இப்போது மாசத்துக்கு ஒருமுறை நாங்களே 'ஏ'யை நிறுத்தி, 'பி'யை ஓட்டிப் பார்க்கிறோம்.