பழைய வீடும் கண்ணாடி இழையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில், கரிசல் நிலத்தின் நடுவே ஒரு சிற்றூரில் இருக்கிறது எங்கள் பழைய வீடு. பாட்டனார் கட்டியது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஏறத்தாழ இரண்டு அடி கனம். மேலே, மரச்சட்டங்களின்மீது பலகை பரப்பி மண் இட்ட மச்சு. அதற்கும் மேலே ஓடு. சித்திரை வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடக்கும் நாளிலும் உள்ளறையின் குளிர்ச்சி குறைவதில்லை. பிழைப்பைத் தேடி உடன்பிறந்தார் மூவரும் வெளியூர்களுக்குப் போய்விட, அம்மா மட்டும் அவ்வீட்டில் வாழ்ந்து வருகிறார்.

சென்ற தை மாதம் மூவரும் ஒன்றுகூடியபோது, அவ்வீட்டிற்கு இணைய இணைப்புக் கொண்டுவருவதென்றும், இணையத்தோடு இயங்கும் புதிய தொலைக்காட்சி ஒன்று வாங்குவதென்றும் முடிவு செய்தோம். பேரப்பிள்ளைகளின் படங்களை அம்மா பெரிய திரையில் பார்க்கலாம். விரும்பிய திரைப்படத்தை விரும்பிய நேரத்தில் காணலாம். தனிமை சற்றே குறையும் என்று நம்பினோம். நம்பிக்கையில் தவறில்லை, செய்த முறையில்தான் தவறு இருந்தது.

வானலைகளை அந்த வீட்டுக்குள் அழைத்துவரும் முயற்சி இது முதன்முறையன்று. பாட்டனாரின் தகரப் பெட்டியில் வானொலி உரிமப் புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, பாட்டுக் கேட்கும் பெட்டிக்கும் உரிமம் பெற்று, அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975இல் ஒளிபரப்புத் தொடங்கியும், தென்மாவட்டங்களுக்கு அது எட்டவில்லை. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை, உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனா கட்டிப் பிடித்தவர்கள் இப்பகுதியில் பலர். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்த பிறகும், காற்றடித்தால் படம் கலைந்துவிடும். அப்பா ஓட்டின்மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். “தெரியுதா?” என்பார். முற்றத்தில் ஒருவர், பட்டாசாலையில் ஒருவர் என நின்று, “தெரியலை, தெரியலை... இப்பத் தெரியுது!” என்று கூவுவோம். திரைக்கு முன் அமர்ந்து இறுதித் தீர்ப்புச் சொல்பவர் அம்மா.

இம்முறை கூரைமேல் ஏற வேண்டியிருக்கவில்லை. தெருக்கம்பத்திலிருந்து கண்ணாடி இழை வந்தது. மேலுறைகளை நீக்கினால் அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. பாவும் ஊடையுமாக நூலோடு பழகிய அருப்புக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கும் இது புதுமையான நூல்தான். அறுந்தால் முடிச்சுப் போட முடியாது. முனைகளை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். கூர்மையாக மடித்தால் உள்ளே செல்லும் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகையால் வாசற்படியின் மூலையில் அதை வளைக்காமல், அகன்ற வளையமாகச் சுற்றி, முன்னறையில் பெட்டியைப் பொருத்திச் சென்றார் பணியாளர்.

இணைப்பு வீட்டு வாசல் வரை வந்துவிட்டது, பட்டாசாலைக்கு வரவில்லை. முன்னறையில் துள்ளி ஓடிய படம், இரண்டு சுவர் தாண்டியதும் சுழலும் வட்டமாக நின்றுவிட்டது. வைஃபை அலைகள் பெரும்பாலும் இரு வகை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவாகச் சுமக்கும்; ஆனால் சுவரைக் கடப்பதில் மெலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மெதுவானது. சுவரை ஓரளவு கடக்கும். செங்கல் சுவர் வீடுகளுக்கு இது போதும். இரண்டடிக் கல்சுவருக்கும், அதன்மேல் சாய்ந்து நிற்கும் இரும்புப் பீரோவுக்கும் போதவில்லை. வெயிலை வெளியே நிறுத்திய அதே சுவர் இதையும் வெளியே நிறுத்தியது.

சுவரைத் துளைக்கலாம் என்றார் ஒருவர். ஊர்க் கொத்தனாரை அழைத்துக் கேட்டோம். சுண்ணாம்புச் சாந்து அதிர்வில் உதிரும், கல் நெகிழும் என்று தடுத்தார். மின்கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் கருவி பற்றி மின்பணியாளரிடம் கேட்டோம். மரப்பட்டைக்குள் ஓடும் பழைய வயரிங்கைப் பார்த்துத் தலையசைத்து, முதலில் எர்த் இணைப்பைச் சரிசெய்யச் சொன்னார். இறுதியில், கதவுக்கு மேலிருந்த காற்றுத் துளை வழியாக லேன் கம்பி ஒன்றை இழுத்துத் தொலைக்காட்சியில் நேரே செருகினோம். படம் தெளிவாக ஓடியது. கைப்பேசிகளுக்காக இன்னொரு வைஃபை பெட்டியைப் பட்டாசாலையின் விளக்கு மாடத்தில் வைத்தோம். அம்மா விளக்கை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. பழைய கேபிள் பெட்டி இனி எதற்கு என்று அதையும் கழற்றிவிட்டுப் புறப்பட்டோம்.

அதன்பின் நாள்தோறும் தொலைபேசியில், “படம் நல்லாத் தெரியுதாம்மா?” என்று கேட்டோம். “நல்லாத் தெரியுதுய்யா” என்றே சொல்லி வந்தார்.

பங்குனியில் ஊருக்குச் சென்றபோது, புதிய தொலைக்காட்சியின்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. மாலையில் அம்மா வீட்டில் இல்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வாசல் வழியாக அவர்களுடைய தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்ல மெல்லத்தான் செய்தி வெளிவந்தது. ஒரு நாள் மின்சாரம் போய் வந்திருக்கிறது. அதன்பின் திரையில் ஏதேதோ படங்கள். எதை அழுத்தினாலும் கடவுச்சொல் கேட்டது. முன்பெல்லாம் ஒரு பொத்தான், பிறகு அவருக்கு மனப்பாடமான எண், அவ்வளவே. அந்த வீட்டில் அவர் யார் துணையுமின்றி இயக்கிவந்த ஒன்றை, அவருக்கு நன்மை செய்வதாக எண்ணி நாங்கள் பறித்திருந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “இம்புட்டுச் செலவு பண்ணிருக்கீகளே” என்றார்.

சுவர் மறுத்தபோது கொத்தனாரிடம் கேட்டோம், மின்பணியாளரிடம் கேட்டோம். அம்மா எதையும் மறுக்கவில்லை. அதனால் அவரிடம் எதையும் கேட்கவில்லை. முதியோர் வாழும் இல்லங்களில் புதுமையைப் புகுத்தும் நம்மில் எத்தனை பேர், அவர்களுடைய மௌனத்தை இசைவென்று எடுத்துக்கொள்கிறோம்!

மறுநாளே கேபிள் பெட்டியைத் திரும்ப இணைத்தோம். மின்பொத்தானை அழுத்தியதும் அந்த அலைவரிசைகளே முதலில் தோன்றுமாறு தொலைக்காட்சியின் அமைப்பை மாற்றினோம். மின்தடையைத் தாங்கும் சிறு மின்கலப் பெட்டி ஒன்றையும் இணைத்தோம். ரிமோட்டில் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தித் தமிழிலேயே பேசினால் போதும் என்று காட்டிக்கொடுத்தோம். பேரனின் படம் வேண்டுமென்றால் அழுத்துகிறார். மற்றபடி அவருடைய பழைய எண்கள்தாம். அது அவர் விருப்பம். வைஃபை பெட்டியை மாடத்திலிருந்து எடுத்துத் திறந்த பலகைமேல் வைத்தோம். மூன்று பக்கமும் கல் சூழ்ந்த மாடத்தைவிட அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. விளக்கு தன் இடத்திற்குத் திரும்பியது.

ஓட்டின்மேல் நின்ற அப்பாவும் “தெரியுதா?” என்றுதான் கேட்டார். ஆனால், பட்டாசாலையிலிருந்து அம்மாவின் குரல் வரும்வரை அவர் ஆன்டெனாவை விட்டு இறங்கியதில்லை. நாங்கள் கேட்டுவிட்டு, தொலைபேசியை வைத்துவிட்டோம். இப்போதெல்லாம், “நேத்து என்னம்மா பாத்த?” என்று கேட்கிறோம். அவர் சொல்லத் தொடங்கினால் அரைமணி நேரம் ஆகிறது.