பனிமலையில் துணை

குமரி மாவட்டத்துக் கல்குளம் வட்டத்தில் நெய்யூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள மருத்துவமனை 1838-ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் நெடுங்காலம் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் ஹவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேயர். 1922-இல் எவரெஸ்டு ஏற முயன்ற குழுவில் அவரும் ஒருவர். அம்முயற்சிக்குப் பின் நெய்யூருக்கு வந்தவர், நோயாளர் பெருங்கூட்டத்தினிடையே மருத்துவர் ஒருவர் தனித்து உழல்வதைக் கண்டார். இலண்டனில் கிடைக்கவிருந்த உயர்வை விடுத்து நெய்யூரிலேயே பணி ஏற்றார்.

1924-இல் அவர் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். சூன் 4-ஆம் நாள், அவரும் குழுத் தலைவர் நார்ட்டனும் பிராணவாயுக் கலங்கள் இன்றியே சிகரத்தை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் சாமர்வெல்லின் தொண்டை அவரை மேலே செல்லவிடவில்லை. நார்ட்டன் தனியே 28,126 அடி வரை சென்று மீண்டார்.

பொழுது சாய இருவரும் இறங்கினர். நார்ட்டன் முன்னே சென்றார். வறண்ட குளிர்காற்றைப் பல நாள் வாயால் இழுத்துச் சாமர்வெல்லின் குரல்வளை புண்பட்டிருந்தது. திடீரென அதன் உட்சவ்வு உரிந்து மூச்சு வழியை அடைத்துக்கொண்டது. கூவியழைக்க முயன்றார், ஒலி எழவில்லை. முன்னே நார்ட்டன் நடந்துகொண்டே இருந்தார். இறுதி வந்துவிட்டது என்று சாமர்வெல் பனியில் அமர்ந்தார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை ஓங்கி அழுத்தினார். அடைப்புப் பெயர்ந்து வாய்க்கு வந்தது, குருதி வந்தது, மூச்சும் வந்தது!

நார்ட்டனைக் குறை கூறுவோர் அம்மலையை அறியாதவரே. சாமர்வெல் ஓவியம் தீட்டுபவர். ஏதோ காட்சியை வரையவே பின்தங்கினார் என்று நண்பர் எண்ணிவிட்டார். அன்பில் குறைவில்லை. ஆயினும், மூச்சு முற்றும் அடைபட்டவனால் 'அடைபட்டது' என்று சொல்ல இயலாது. உடன் செல்பவர் திரும்பிப் பார்த்தாலன்றி அது தெரியாது. பேச முடியாமல் கழுத்தைப் பற்றிக்கொள்பவரைக் கண்டால் கணமும் தாழ்க்காது உதவ வேண்டும் என்று இன்றைய முதலுதவிப் பயிற்சியில் கற்பிப்பதும் இது பற்றியே.

இருள் சூழ்ந்த பின் மலோரியும் ஓடெலும் விளக்கேந்தி எதிர்கொண்டு வந்தனர். பிராணவாயுக் கலமும் கொணர்ந்தனர். இறங்கி வந்தோர் வேண்டியதோ பருக ஏதேனும் ஒன்று! பெருந்துணைக்குரிய கருவியைவிட ஒரு குவளை நீர் அரிதாகும் வேளையும் உண்டு போலும். பாசறையில் இளைஞர் இர்வின் தேநீரும் சாறும் சூடாக வைத்துக் காத்திருந்தார்.

அவ்விரவே மற்றொரு துன்பம் நேர்ந்தது. பனியொளி தாக்கி நார்ட்டன் பார்வை இழந்தார். சூன் 6-ஆம் நாள் காலையில் மலோரியும் இர்வினும் சிகரம் நோக்கிப் புறப்பட்டபோது, அவர்கள் முகத்தை அவரால் காண இயலவில்லை. கைகளைப் பற்றி அழுத்தி விடைகொடுத்தார். அவ்விருவரும் திரும்பவே இல்லை.

நாஞ்சில் நாட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், "துணைக்கு யார் இருக்கிறார்?" என்று வினவுவது வழக்கம். துணைக்கிருப்பவர் மருந்து அறிந்தவர் அல்லர். கஞ்சியை ஆற்றிக் கொடுப்பார், இரவில் விழித்திருப்பார், எழுந்து நிற்க முயல்பவருக்குத் தோள் கொடுப்பார். பனிமலையில் அவ்விடத்தை ஏற்றவர் மருத்துவர் ஹிங்ஸ்டன். அவர் மேலேறி வந்து, சுமையாளர் துணையுடன், செங்குத்தான பனிச்சரிவில் வெட்டிய படிகளில் நார்ட்டனின் பாதங்களை ஒவ்வொன்றாக வைப்பித்துக் கீழே கொணர்ந்தார். சில நாட்களில் நார்ட்டனுக்குப் பார்வை மீண்டது.

சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கும், பின்னர் வேலூரிலும், அவருடைய அறுவைப் பணி தொடர்ந்தது.