'ஸ்லோ ஸ்பீடு நிக்கலையா, கொண்டாங்க!' - புதுப்பேட்டை கார்புரேட்டர் சந்துக்குள் ஒரு நடை

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி கூவத்தின் திசையில் நடந்தால், கொஞ்ச நேரத்தில் புதுப்பேட்டை வந்துவிடும். வந்துவிட்டதா என்று போர்டு பார்க்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். பழைய இன்ஜின் ஆயில், பெட்ரோல், கேஸ் வெல்டிங் புகை, நடுவில் எங்கேயோ சால்னா வாசனை. நான்கும் கலந்து அடித்தால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்றால் 2006-ல் வந்த செல்வராகவன் - தனுஷ் படம்தான் ஞாபகம் வரும். சென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது வேறு. 'எங்கேயும் கிடைக்காத ஸ்பேர் அங்கே கிடைக்கும்' என்ற நம்பிக்கை. ஆதித்தனார் சாலையில் இருந்து பிரியும் சந்துகளில் கார் கதவுகள் புத்தகம் போல அடுக்கி நிற்கின்றன. சைலன்சர்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும். இன்னொன்றில் பைக் டேங்குகள் மட்டும், அதுவும் நிறம்வாரியாக. புது ஸ்பேர் வேண்டும் என்றால் அண்ணா சாலையைத் தாண்டி ஜி.பி. ரோடு போகலாம். பழசு வேண்டும், அல்லது பழசைப் பழுது பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான்.

நான் தேடிப் போனது கார்புரேட்டர்களை. தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'கார்ப்பரேட்டர்' என்கிறார்கள். (தேர்தல் நேரத்தில் இதை வைத்து ஜோக் அடிக்காத மெக்கானிக்கே இல்லை.) ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் கூடை நிறைய குவித்து வைத்திருந்தார்கள், கருவாட்டுக் கடை மாதிரி. வெள்ளி நிறம் மங்கிய அலுமினிய உடம்பு, அடியில் கிண்ணம், மேலே ஒரு மூடி. கெய்ஹின், மிக்குனி என்று பக்கவாட்டில் ஜப்பான் கம்பெனிகளின் பெயர்கள் பொறித்திருக்கின்றன.

இந்தக் கூடையைத் தேடி இப்போது வர ஒரு காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்த பிறகு, புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை சென்சாரும் கம்ப்யூட்டரும் தீர்மானிக்கின்றன. கார்புரேட்டரோடு புதிதாகப் பிறக்கும் பைக் அநேகமாக இல்லை. ஆனால் ஏற்கெனவே பிறந்தவை ஊர் முழுக்க ஓடுகின்றன. தண்ணீர் கேன் போடுபவர், பால் பாக்கெட் போடுபவர், கீரை விற்பவர் என்று யார் வண்டியைப் பார்த்தாலும் பெரும்பாலும் கார்புரேட்டர் காலத்து வண்டிதான்.

நான் உட்கார்ந்திருந்த ஒர்க்‌ஷாப் என்பது ஒரு தகர ஷெட், ஒரு கம்ப்ரசர், இரண்டு ஸ்டூல். நடத்துபவருக்கு அறுபதை ஒட்டிய வயது, எல்லோருக்கும் 'பாய்'. பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் பிடித்தவர். காலை ஒன்பதரைக்கு ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரைத் தள்ளிக்கொண்டு ஓட்டேரியிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். கேரியரில் காலியான இரண்டு பெரிய டப்பாக்கள். இட்லி மாவு பாக்கெட் போடுகிற தொழில். வீட்டில் மனைவி அரைக்கிறார், இவர் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி இருபது கடைகளுக்குப் போடுகிறார்.

"ஒவ்வொரு கடை வாசல்லயும் ஆஃப் ஆவுது பாய். உதைச்சு உதைச்சுக் கால் வீங்கிருச்சு. ஆறரைக்குள்ள கடைசிக் கடைக்குப் போகலைன்னா மாவு பொங்கி பாக்கெட் உப்பிடுது. வாங்க மாட்டேங்குறாங்க. நேத்து மட்டும் பதினாலு பாக்கெட் திரும்பி வந்திருச்சு" என்றார். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் புது கார்புரேட்டர் மாற்றச் சொன்னார்களாம். அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, தவணையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாம். "தவணையை நினைச்சாதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

பாய் உடனே கார்புரேட்டரில் கை வைக்கவில்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. முதலில் பிளக்கைக் கழற்றினார். நுனி கரிக்கட்டையாக இருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, வெள்ளை வெளேரென்று இருந்தால் காற்று அதிகம், காபிப்பொடி நிறம் என்றால் சரி. இது வெளுத்திருந்தது. ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு அளந்தார். "மிஸ்ஸிங் அடிச்சாலே எல்லாரும் கார்ப்பரேட்டர் மேல பழி போடுவாங்க தம்பி. பிளக் போயிருந்தாலும் இதே மாதிரிதான் இருமும்."

பிறகு சோக்கை இழுத்துவிட்டு உதைத்தார். வண்டி நின்று பேசியது. சோக்கை விட்டதும் தடதடத்து அணைந்தது. அவர் முகத்தில் சின்னச் சிரிப்பு. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடுகிறது. அப்போது ஓடுகிறது என்றால் மற்ற நேரத்தில் பெட்ரோல் போதவில்லை. ஒன்று, சின்ன ஜெட் அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கேயோ திருட்டுக் காற்று உள்ளே போக வேண்டும். மறுபடி சோக்கில் ஓடவிட்டு, மேனிஃபோல்டு இணைப்பில் ஸ்ப்ரே கேனிலிருந்து ஒரு பீய்ச்சு. சத்தம் மாறவில்லை. திருட்டுக் காற்று இல்லை. (அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும். சூடான இன்ஜினில் வீட்டில் முயற்சி வேண்டாம்.)

பெட்ரோல் குழாயை மூடி, இரண்டு போல்ட், ஒரு கேபிள். ஐந்து நிமிடத்தில் கார்புரேட்டர் அவர் உள்ளங்கையில்.

இந்தச் சின்னப் பெட்டி செய்கிற வேலை எளிமையானது. நடுவில் குறுகலான ஒரு குழல். இன்ஜின் மூச்சை இழுக்கும்போது காற்று அந்தக் குறுகல் வழியாக வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே உறிஞ்சித் தூவலாக்குகிறது. 1893-ல் ஹங்கேரியில் இதற்குக் காப்புரிமை எடுத்த பாங்கி, சோங்கா இருவருக்கும், ஒரு பூக்காரப் பெண் குழலை ஊதிப் பூக்களுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, விளக்குவதற்கு நல்ல கதை.

கிண்ணத்தைக் கழற்றியதும் பிரச்னை கண்ணுக்கே தெரிந்தது. அடியில் செங்கல் பொடி மாதிரி துரு. ஓரத்தில் தேன் காய்ந்தது போல ஒரு பழுப்புப் பூச்சு. பெட்ரோல் நின்றே இருந்தால் ஆவியாகி இந்தப் பிசினை விட்டுவிட்டுப் போகும். நடுவில் இரண்டு மாதம் வண்டி ஓடவில்லையாம். மாமியார் உடம்பு சரியில்லாமல் எல்லோரும் ஊரில் இருந்திருக்கிறார்கள்.

கிண்ணத்துக்குள் இருப்பது ஃப்ளோட். நம் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலைதான். பெட்ரோல் ஏறினால் ஃப்ளோட் ஏறி ஒரு குட்டி ஊசியைத் தள்ளி வழியை மூடும். அந்த ஊசி தேய்ந்தால் பெட்ரோல் தரையில் சொட்டும். நடுவில் பெரிய மெயின் ஜெட், ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கும்போது வேலை செய்வது. பக்கத்தில் ஒல்லியாகப் பைலட் ஜெட், வண்டி நின்ற இடத்தில் ஓடுவதற்கு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு துகள் போதும். ஓட்டேரிக்காரரின் பதினாலு பாக்கெட் மாவு திரும்பி வந்தது அந்தத் துளையால்தான்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாய் பைலட் ஜெட்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார், அப்புறம் அதை எடுபிடி வேலை செய்யும் பையனிடம் நீட்டினார். "பாருடா, வட்டமா தெரியுதா?" பையன் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியல பாய், இருட்டு" என்றான். பாய் என்னிடம், "மூணு வருஷமா எனக்குத் துளை தெரியறதில்ல. கை தெரியும், காது தெரியும். கண்ணுக்கு இவன்தான்" என்றார், ஏதோ ஸ்பேனர் தொலைந்ததைச் சொல்வது போல.

ரப்பர் சமாச்சாரங்களையும் ஃப்ளோட்டையும் முதலில் தனியாக எடுத்து வைத்தார். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிவிடும். கம்ப்ரசர் காற்று பட்டால் ஃப்ளோட்டே நசுங்கலாம். உடம்பையும் ஜெட்களையும் கிளீனரில் ஊறப்போட்டு டீ சொல்லிவிட்டு வந்தார். ஊறிய பிறகு ஒவ்வொரு வழியிலும் காற்று. அடைப்பு அப்படியும் விடாததால், கரன்ட் வயரை உரித்து ஒற்றைச் செம்பு நூலை எடுத்து மெதுவாக விட்டார். இரும்புக் கம்பி கூடவே கூடாது. ஜெட் பித்தளை. இரும்பு அதைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் மைலேஜ் போச்சு. பையன் மறுபடி பார்த்தான். "நிலா மாதிரி தெரியுது பாய்."

தேய்ந்த ஊசிக்கும் கடினமாகிவிட்ட ஓ-ரிங்குக்கும் பதிலாக ரிப்பேர் கிட் பிரித்தார்கள். மாட்டிய பிறகு கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாயை வைத்து ஊதினார். காற்று போகவில்லை, ஊசி சரியாக மூடுகிறது. இந்தச் சோதனைக்கு மெஷின் இல்லையா என்று கேட்டேன். "வாய் ஓசி தம்பி" என்றார்.

ஏர் ஸ்க்ரூ தனிக் கதை. கழற்றுவதற்கு முன்பே அதை உள்ளே மெதுவாக முறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்தார். நாலு சுற்றுக்கும் மேல். "யாரோ அடைப்பை எடுக்காம ஸ்க்ரூவைத் திருகியே சரிபண்ணப் பார்த்திருக்காங்க." பொதுவாக ஒன்றரையில் இருந்து இரண்டரைச் சுற்றுக்குள் நிற்க வேண்டியது. வீட்டில் திருகிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர் எதிர். இது தெரியாமல் திருகினால் இருந்ததும் போகும்.

வண்டியில் மாட்டி, நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகினார். பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். ஓட்டேரிக்காரர் மட்டும் "இப்ப... இப்ப" என்றார். அவருக்கு அந்த வண்டியின் குரல் தெரிந்திருக்கிறது. இன்ஜின் அணையாமல், தயங்காமல், ஒரே சீராக நின்றது.

கிட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு, திரும்பி வந்த மாவு பாக்கெட்டுகளின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் பாய் அதோடு விடவில்லை. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே துரு. "இதைக் கழுவலைன்னா அடுத்த மாசம் மறுபடி என்கிட்டதான் வருவீங்க. எனக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம்." அதற்கு ஒரு நாள் வண்டி நிற்க வேண்டும். ஒரு நாள் நின்றால் இருபது கடை. ஞாயிற்றுக்கிழமை மாவு அதிகம் போகும், அன்றைக்கு முடியாது. திங்கள் பார்க்கலாம், செவ்வாய் பார்க்கலாம் என்று பேச்சு நீண்டது. கடைசியில் ஒரு புது பெட்ரோல் ஃபில்டரை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பழைய டேங்க், பழைய ரப்பர் வைத்திருப்பவர்கள் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது என்பது பாயின் யோசனை. செலவில்லாத யோசனை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மதியத்துக்கு மேல் வேறு ரகக் கூட்டம் வந்தது. 1996-ல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு 'ஒரிஜினல் ஜப்பான் மிக்குனி' தேடும் இளைஞர்கள். என் வயசுதான். வண்டி அவர்களைவிட மூத்தது. பேரம் பேசும் தோரணையில் பாதிப் பேருக்கு அசலும் நகலும் தெரியவில்லை என்று தோன்றியது. பாய் அவர்களிடம் அதிகம் பேசவில்லை. "அவங்க ஆசைக்கு ஓட்டுறாங்க. அவசரம் இல்ல" என்று ஒதுக்கி வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் வாடை அடித்த ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்-ஐ முதலில் எடுத்தார். காய்கறி வண்டி.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் பார்ப்பீர்களா என்று கேட்டதற்கு, ஸ்கேனர் வாங்க வேண்டும், இந்த வயதில் வேண்டாம் என்றார். பையனுக்கு அது ஆசை. சாயங்காலம் டிப்ளமோ சேரலாமா என்று கேட்டிருக்கிறானாம். அவன் போய்விட்டால் ஜெட்டைப் பார்க்க யார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் அவனும் நின்றுகொண்டிருந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: எழும்பூர் ரயில், மெட்ரோ இரண்டில் இருந்தும் நடந்தே போகலாம். பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிக் கூவத்தைக் கடக்க வேண்டும். காலையிலேயே போனால் மெக்கானிக்குகள் நிதானமாகப் பேசுவார்கள். பழைய கார்புரேட்டர் வாங்குவதாக இருந்தால் ஸ்லைடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.